முறிய வேண்டிய இடம்

விளையாட்டுப் பொருள்களைப் பற்றிப் பெரியவர்கள் எழுதுதல் தகுமோ என்று வினவுவோர் உளர். பிள்ளைகள் உறங்கிய பின்னர் அவர்தம் விளையாட்டுப் பொருளை மேசைமீது வைத்து, கண்ணாடியை மூக்கின் நுனிக்குத் தள்ளிக்கொண்டு, திருப்புளியும் கையுமாக நள்ளிரவுவரை அமர்ந்திருக்கும் தந்தைமாரும் மாமன்மாரும் எத்தனை பேர் என்பதை அவ்வினாவை எழுப்புவோர் அறியார் போலும். அக்கூட்டத்துள் நாமும் ஒருவர். ஆகவே கூச்சமின்றித் தொடங்குகின்றோம்.

நாம் ஈண்டுப் பேசப் புகுவது வானொலி அலையினால் இயங்கும் இராட்சத லொறியைப் பற்றியது. பெயர்தான் இராட்சதன், உருவமோ ஒரு பூனையினும் சற்றுப் பெரிது. உடலுக்குப் பொருந்தாத பருத்த நான்கு சில்லுகள், உயர்ந்த அடித்தளம், நாற்புறமும் சுருள்வில் சூழ்ந்த அதிர்வுதாங்கிகள், வெடுக்கென்று பாயும் வேகம் என்னும் இவையே அதன் இலக்கணம். கையிலுள்ள சிறு கருவியின் விசையை அழுத்தினால் கல்லென்றும் பள்ளமென்றும் பாராது ஓடும்; ஓடிப்போய் மோதும்; மோதினால் முறியும். முறிந்ததைச் செப்பஞ்செய்வதும், செப்பஞ்செய்கையில் முன்னிலும் வலிதாக்க முயல்வதும் இப்பொழுதுபோக்கின் பாதி. பாதிக்கு மேல் என்று கூறினும் மிகையன்று.

இதன் வரலாறு சிறிது அறியத் தக்கது. கண்ணுக்குப் புலப்படாத அலையினால் ஒரு கலத்தைச் செலுத்தலாம் என்பதை 1898 ஆம் ஆண்டிலே நிக்கொலா தெஸ்லா நியூயோர்க் நகரில் ஒரு சிறு படகைக் கொண்டு காட்டினார். அவ்வித்தை விளையாட்டு மோட்டார் வண்டிகளுக்கு வந்து சேர நெடுங்காலம் சென்றது. யப்பானின் சிசுவோக்கா நகரில் 1946 இல் மர வணிகமாகத் தொடங்கிய தமியா நிறுவனம், 1976 இல் போர்ஷ் 934 என்னும் பந்தயக் காரின் சிறிய வடிவத்தை வானொலியால் இயங்குமாறு செய்து வெளியிட்டது. அதே காலப்பகுதியில் அமெரிக்காவின் சென் லூயிஸ் நகரைச் சார்ந்த பொப் சான்ட்லர் என்பவர், தமது போர்ட் லொறிக்கு மேன்மேலும் பெரிய சில்லுகளைப் பூட்டி அதற்குப் 'பிக்ஃபுட்' எனப் பெயரிட்டார். 1981 இல் அவ்வண்டி பழைய கார்களின்மீது ஏறி அவற்றை நசுக்கியது. பார்த்தவர்கள் மெய்ம்மறந்தனர், இராட்சத லொறி என்னும் வகையே அதிலிருந்து பிறந்தது எனலாம். இன்று அரங்குகளில் ஓடும் அத்தகைய பெருவண்டிகளின் ரயர் 66 அங்குல உயரமுடையது. அதாவது நடுத்தர உயரமுள்ள ஒரு மனிதருக்கு நிகரானது. 1987 இல் தமியா வெளியிட்ட 'குளொட் பஸ்ரர்' என்பது அப்பெருவண்டியைப் பத்தில் ஒரு பங்காகச் சுருக்கியது. முன்னச்சிலும் பின்னச்சிலும் ஒவ்வொரு மோட்டார் பூட்டி, நான்கு சில்லுகளும் திரும்புமாறு அதனை அமைத்திருந்தனர். அதன்பின் பல நாடுகளிற் பல நிறுவனங்கள் இத்துறையிற் புகுந்தன. சில வண்டிகள் மெதனோல் கலந்த எரிபொருளில் ஓடுவன. பெரும்பாலானவை இன்று மின்சாரத்தில் ஓடுவன.

எமது வீட்டுக்கு இவ்வண்டி வந்த வழி வேறு. எம் தமக்கையாரின் மகன், முறையால் எமக்கு மருமகன், பதினாறு வயதினன். அவனுடைய சித்தப்பா கனடாவில் ஒரு பண்டகசாலையில் இரவு வேலை பார்ப்பவர். சென்ற ஆண்டு அவர் யாழ்ப்பாணம் வந்தபோது, தமையனாரின் பிள்ளைக்கென்று இதனைக் கொண்டுவந்து கொடுத்தார். எந்த நிறுவனத்தார் செய்தது என்பது இங்கு வேண்டற்பாலதன்று. எல்லா வண்டிகளுக்கும் பொதுவான செய்திகளையே நாம் சொல்லப் போகின்றோம்.

வண்டியினுள்ளே விசை செல்லும் வழியை முதலிற் கூறுதல் வேண்டும். பற்றரியிலிருந்து மின்சாரம் வேகக் கட்டுப்படுத்தி வழியாக மோட்டாருக்குச் செல்கின்றது. மோட்டாரின் முனையில் ஒரு சிறு பற்சில்லு. அது ஒரு பெரிய பற்சில்லைச் சுழற்றுகின்றது. சிறியதற்கு 23 பற்களும் பெரியதற்கு 86 பற்களும் இருப்பின், மோட்டார் ஏறக்குறைய 3.74 முறை சுழலும்போது பெரிய சில்லு ஒருமுறை சுழலும். சிறியதை எடுத்துவிட்டு 18 பல்லுடைய ஒன்றைப் பூட்டினால் அவ்விகிதம் 4.78 ஆகும். அப்போது வேகம் குறையும், இழுவை கூடும், மோட்டாரின் சூடு தணியும். பெரிய பற்சில்லின் பக்கத்தில் வழுக்குக் கிளச் ஒன்று உண்டு. அதனைக் கடந்து, தண்டுகள் வழியாக விசை வேறுபாட்டுப் பற்சில்லுப் பெட்டியை அடைகின்றது. வண்டி திரும்புங்கால் உட்புறச் சில்லும் வெளிப்புறச் சில்லும் வெவ்வேறு வேகத்தில் உருள உதவுவது அப்பெட்டியே. ஈற்றில் அச்சு, சில்லு, நிலம்.

விசை இவ்வாறு முன்னோக்கிச் செல்லும். ஆனால் சில்லு ஒரு கல்லில் மோதும்போது அதே வழியே அடி பின்னோக்கி வருகின்றது. வருகின்ற அடி வழியிலுள்ள பாகங்களுள் எது மெலிந்ததோ அதனைத் தேடிப் பிடித்து முறிக்கின்றது. இக்கட்டுரையில் நாம் சொல்ல விரும்பும் செய்தி முழுவதும் இவ்வொன்றனுள் அடங்கும்.

முதன்முதலில் முறிந்தது முன்சில்லைத் தாங்கும் கை. அது நைலோன் எனப்படும் பிளாஸ்ரிக்கினால் ஆனது. கோயில் வீதியின் ஓரக்கல்லில் மோதிய வேகத்தில் நடுவே இரண்டாயிற்று. மருமகன் சித்தப்பாவுக்குச் செய்தி அனுப்பினான். மூன்று கிழமைகளில் அலுமினியத்தாலான நீல நிறக் கைகள் நான்கும் வந்து சேர்ந்தன. பார்க்க அழகாகத்தான் இருந்தன. பூட்டி முடித்ததும் அவன் நெஞ்சை நிமிர்த்தி, "மாமா, இனி இது உடையாது பாருங்கோ" என்றான்.

"இது உடையாது தம்பி, வேறொன்று உடையும்" என்றோம்.

பத்து நாள் செல்லவில்லை. மறுபடியும் ஓரிடத்தில் மோதியது. கைக்கு ஒன்றும் நேரவில்லை. கை பூட்டப்பட்டிருந்த முன்பெட்டியின் சுவர் பிளந்தது. முன்னர் முறிந்த கையை மாற்றுவதற்கு இரண்டு ஊசிகளைக் கழற்றினாற் போதும். பெட்டியை மாற்றுவதற்கோ வண்டியின் முன்பாதி முழுவதையும் பிரித்தல் வேண்டும். விலையும் பல மடங்கு. நைலோன் கை வளையும். வளைந்து அடியின் ஒரு பகுதியைத் தானே ஏற்று மீளும். தாங்க முடியாதபோது முறிந்து மற்றவற்றைக் காக்கும். அலுமினியக் கை அவ்வாறு வளைந்துகொடுப்பதில்லை. அடியை அப்படியே அடுத்த பாகத்துக்குக் கொடுத்துவிட்டுத் தான் மினுங்கிக்கொண்டிருக்கும். மிகப் பலமான அடியாயின் தானும் கோணும், கோணியது மீளாது.

இவ்வாறே கிளச்சும். இரண்டு தட்டுகளை ஒரு சுருள்வில் நெருக்கிப் பிடித்திருக்கும்; அளவு கடந்த விசை வந்தால் தட்டுகள் ஒன்றின்மீதொன்று வழுக்கி, பற்களைக் காக்கும். வண்டி மேட்டிலிருந்து பாய்ந்து வானில் நிற்கும்போது விசையை அழுத்திப் பிடித்திருப்பது இளைஞர் வழக்கம். அப்போது சில்லுகள் தடையின்றிப் பேய்வேகத்தில் சுழலும். நிலத்தைத் தொட்ட கணத்தில் திடீரெனப் பிடிபடும். அவ்வதிர்ச்சியை உட்கொள்வது கிளச். மருமகனின் நண்பர் ஒருவர், கிளச் வழுக்குவதால் வேகம் வீணாகின்றது என்று அறிவுரை பகர, அவன் அதன் மரையை இறுகப் பூட்டிவிட்டான். பாய்ச்சல் கண்கொள்ளாக் காட்சிதான். மூன்றாம் பாய்ச்சலில் பெரிய பற்சில்லு மொட்டையாயிற்று. உடனே உருக்குப் பற்சில்லு வேண்டும் என்றான். உருக்குச் சில்லு வந்தாற் பல் தேயாது, தண்டு முறுகும். தண்டும் உருக்கானால் வேறுபாட்டுப் பெட்டி சிதறும். பலம் வரிசையாகச் செல்லச் செல்ல, முறிவு வண்டியின் உள்ளே இன்னும் ஆழமாக, விலை கூடிய இடத்துக்கு நகர்ந்துகொண்டே போகும்.

இதனை விளக்க வீட்டிலேயே ஓர் உதாரணம் உண்டு. மின்சாரப் பெட்டியிலுள்ள உருகியை அனைவரும் அறிவர். மெல்லிய கம்பி அது. மின்னோட்டம் அளவு மீறினால் தான் உருகி வீட்டைக் காக்கின்றது. அடிக்கடி உருகுகின்றதே என்று சலித்துத் தடித்த செப்புக் கம்பியைக் கட்டுபவர், உருகியைப் பலப்படுத்தியவர் அல்லர். வீட்டின் சுவருக்குள் ஓடும் கம்பியையே உருகியாக்கியவர். எமது கடற்றொழிலாளரும் இதனை அறிவர். வெளியிணைப்பு இயந்திரங்கள் பலவற்றின் விசிறியில் ஒரு சிறு ஊசி இருக்கும். விசிறி பாரில் அடிபட்டால் ஊசி அறுந்து இயந்திரம் பிழைக்கும். மடியில் இரண்டு ஊசி கொண்டுபோகாதவர் கடலில் நிற்பார். ஊசிக்குப் பதில் இரும்பாணி அடித்தவரோ இயந்திரத்தையே இழப்பார். திருக்குறளில் வலியறிதல் என்னும் அதிகாரத்திலும் வண்டியின் அச்சு முறிவது பேசப்படுவதை மாணவர் அறிவர். ஈராயிரம் ஆண்டாக இவ்வறிவு எம்மிடையே இருந்தும், கடைக் கண்ணாடிக்குள் மினுங்கும் நீல அலுமினியத்தைக் கண்டதும் மறந்துபோகின்றது.

அப்படியாயின் மேம்படுத்தலே வேண்டாவோ எனின், அவ்வாறன்று. எது உராய்வைக் குறைக்கின்றதோ, எது அடியைப் பகிர்கின்றதோ, அதுவே மேம்பாடு. மலிவான வண்டிகளில் அச்சுகள் பிளாஸ்ரிக் புஷ்களில் சுழலும். அவற்றைக் கழற்றிப் போல் பெயாரிங் இடுதல் முதற் கடமை. வண்டி இலகுவாக ஓடும்; பற்றரி கூடிய நேரம் நிற்கும்; மோட்டார் சூடாகாது. வெறும் சுருள்வில் மட்டுமுள்ள அதிர்வுதாங்கிகளுக்குப் பதிலாகச் சிலிக்கன் எண்ணெய் நிரப்பியவற்றைப் பூட்டுதல் இரண்டாவது. எண்ணெய் ஊற்றியபின் உள்தண்டை மெல்ல மேலும் கீழும் அசைத்துக் காற்றுக் குமிழிகள் வெளியேறும்வரை பொறுத்திருத்தல் வேண்டும். அவசரப்பட்டு மூடினால் உள்ளே நின்ற காற்று நுரைத்து, அதிர்வுதாங்கி தன் தொழிலைச் செய்யாது. சில்லைத் திருப்பும் சேர்வோவுக்கும் திருப்புத் தண்டுக்கும் இடையே வில்லுடன் கூடிய காப்பு ஒன்று இருக்கும். அது தளர்ந்திருந்தால் நல்லதொன்றை இடுதல் மூன்றாவது. இவை மூன்றும் விளம்பரத்திற் பளபளப்பவை அல்ல. வெளியே தெரியாமல் உள்ளிருந்து காப்பவை.

பேணும் முறைகள் சிலவற்றையும் சொல்லுதல் தகும். யாழ்ப்பாணத்துச் செம்மண் வாழைக்கும் வெங்காயத்துக்கும் நல்லது, பெயாரிங்குக்கு நஞ்சு. ஓடிவந்த வண்டியை அன்றே ஒரு பழைய வர்ணத் தூரிகையாற் தட்டித் துடைத்தல் வேண்டும். கடற்கரை மணலில் ஓட்டினால் உப்பு எஞ்சும். மறுநாளே திருகாணிகள் துருவேறும். மோட்டாரின் சிறு பற்சில்லைப் பூட்டும்போது, இரண்டு சில்லுகளின் பற்களுக்கு இடையே மெல்லிய கடதாசித் துண்டொன்றைச் செருகி நெருக்கிப் பிடித்து ஆணியை இறுக்கிவிட்டுக் கடதாசியைச் சுழற்றி எடுத்தால், வேண்டிய இடைவெளி தானாகவே அமையும். பிளாஸ்ரிக்கினுள் திருகாணியைப் பூட்டும்போது முதலில் இடப்புறமாக மெல்லச் சுழற்றுதல் வேண்டும். 'இடக்'கென்று பழைய புரியில் விழுவது விரலுக்குத் தெரியும். அதன்பின் வலப்புறம் இறுக்கினாற் புரி அழியாது. உலோகத்துடன் உலோகம் சேரும் ஆணிக்கு மட்டுமே புரியொட்டு மருந்து இடலாம். பிளாஸ்ரிக்கில் பட்டால் அது வெடிப்பை உண்டாக்கும்.

நைலோன் கைகளைக் கொதிநீரில் இடும் வழக்கமும் உண்டு. நைலோன் நீரை உறிஞ்சும் இயல்புடையது. உறிஞ்சினால் நொறுங்கும் தன்மை குறைந்து வளையும் தன்மை கூடும். இதனைக் கேட்ட மருமகன் தாயாரின் சோற்றுப் பானையை எடுத்து அடுப்பில் வைத்துவிட்டான். தமக்கையார் வந்து மூடியைத் திறந்து, உள்ளே நான்கு கரிய கைகள் கொதிப்பதைக் கண்டு, "தமையனும் மருமோனும் சேர்ந்து இனி என்னத்தை அவிக்கப் போறியள்?" என்றார். நாம் அவருக்கு இளையவர். கோபம் வந்தால் அவர் எம்மைத் 'தமையன்' என்றே அழைப்பார். அன்று புதுப் பானை ஒன்று வாங்கிக் கொடுத்த பின்னரே எமக்குத் தேநீர் கிடைத்தது.

இவை எல்லாம் சிரித்துக்கொண்டு செய்யத் தக்கவை. ஆனால் சென்ற மார்கழியில் அவன் கேட்டது சிரிக்கத் தக்கதன்று. தூரிகையற்ற புதிய மோட்டாரும், மூன்று கல லித்தியம் பற்றரியும் வேண்டும் என்றான். சித்தப்பாவிடம் இன்னும் கேட்கவில்லை. எம்முடைய கருத்தை அறிந்தபின் கேட்கலாம் என்று வந்திருந்தான். அதற்காக அவனை மனத்துள் மெச்சினோம்.

லித்தியம் பொலிமர்க் கலம் ஒவ்வொன்றும் பெயரளவில் 3.7 வோல்ற் உடையது. முழுதும் ஏற்றினால் 4.2 வோல்ற். ஆகவே இரண்டு கலம் 7.4 வோல்ற், மூன்று கலம் 11.1 வோல்ற். மோட்டாரின் சுழற்சி வோல்ற்றளவோடு ஏறுவதால், வேகம் ஏறக்குறைய ஒன்றரை மடங்காகும். மணிக்கு 40 கிலோமீற்றர் ஓடும் வண்டி 60 இல் ஓடும். ஒன்றரை மடங்கு என்பது கேட்கச் சிறிதாகத் தோன்றும். நாம் கடதாசியை எடுத்து அவனையே கணிக்கச் சொன்னோம். ஒரு வண்டி குறித்த வேகத்தில் சுவரில் மோதுவது, எவ்வளவு உயரத்திலிருந்து நிலத்தில் விழுவதற்குச் சமம்? மணிக்கு 20 கிலோமீற்றர் எனின் ஏறக்குறைய 1.6 மீற்றர், ஒரு மனிதரின் தலை உயரம். 40 எனின் 6.3 மீற்றர், வீட்டுக் கூரைக்கு மேல். 60 எனின் 14 மீற்றருக்குச் சற்று மேல். அவன் எழுதுகோலை வைத்துவிட்டு யன்னல் வழியே வெளியே பார்த்தான். கிணற்றடியில் நின்ற தென்னை கண்ணுக்குத் தெரிந்தது.

"அந்த உச்சியிலிருந்தோ மாமா?"

"அந்த உச்சியிலிருந்துதான்."

வேகம் ஒன்றரை மடங்காயின் அடி இரண்டேகால் மடங்காகும் என்னும் விதி பாடப் புத்தகத்தில் அவனுக்கு முன்பே தெரிந்ததுதான். தென்னையைப் பார்த்தபின்னரே அது அவனுக்கு உண்மையாயிற்று. அவ்வேகத்தில் ஓடும் வண்டி வீதியில் நடந்துபோகும் குழந்தையின் காலிற் பட்டால் முறிவது எது என்று நாம் கேட்கவில்லை. அவன் தானே கேட்டுக்கொண்டான் என்பது முகத்திற் தெரிந்தது.

பற்றரியைப் பற்றி இன்னும் ஒரு சொல். எமது பிள்ளைப் பருவத்தில், 1990 ஆம் ஆண்டுமுதல் வடபகுதிக்குப் பொருளாதாரத் தடை இருந்த நாள்களில், எரிபொருளைப் போலவே பற்றரியும் தடைசெய்யப்பட்ட பொருள். சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, ஒருவர் கையால் மிதியைச் சுழற்ற, டைனமோவின் மின்சாரத்தில் வானொலிச் செய்தி கேட்டோம். சுழற்றுபவர் களைத்தால் செய்தி மங்கும். மண்ணெண்ணெயில் மோட்டார் வண்டிகள் ஓடின. அவற்றைப் பழுது பார்த்த முதியவர் ஒருவரின் கொட்டிலில் நாம் மாலை வேளைகளில் நின்றதுண்டு. ஒரு பாகம் முறிந்தால் புதியது வராது. ஆதலால் அவர் முறிந்த துண்டை உடனே எறியமாட்டார். வெளிச்சத்திற் பிடித்து நெடுநேரம் பார்ப்பார். "முறிந்தது சாட்சி, குற்றவாளி வேறிடத்தில் நிற்கிறான்" என்பார். கிடைக்காத காலத்தில் அவர் கற்ற அவ்வித்தையை, எல்லாம் கிடைக்கும் காலத்தில் இளைஞர் கற்பது அரிதாகவே இருக்கின்றது. அன்று ஒரு ரோச் பற்றரிக்கு ஏங்கிய வீட்டில், இன்று ஆயிரம் மடங்கு வலிய பற்றரி மேசைமீது கிடக்கின்றது.

வலியது என்பதனாலேயே அதற்கு மரியாதை வேண்டும். லித்தியம் பொலிமர்ப் பற்றரியை அதற்கென அமைந்த ஏற்றியினால் மட்டுமே ஏற்றுதல் வேண்டும். ஏற்றுங்கால் ஒருவர் அருகிருத்தல் வேண்டும்; படுக்கையிலும் திரைச்சீலை அருகிலும் வைத்தலாகாது; சீமெந்துத் தரையே நன்று. கலம் ஒன்று 3 வோல்ற்றுக்குக் கீழே இறங்கினாற் கெடும். பல நாள் ஓட்டாது வைக்க வேண்டின் 3.8 வோல்ற் அளவில் வைத்தல் வேண்டும். அடிபட்டு நசுங்கியதையும், அப்பம் போல் உப்பியதையும் மறுமுறை ஏற்றவே கூடாது. உள்ளே தீப்பற்றினால் அது எளிதில் அணையும் தீயன்று. இவற்றைப் பெற்றோரும் அறிந்திருத்தல் வேண்டும். விளையாட்டுப் பொருள் என்று பிள்ளைகளிடமே விட்டுவிடுதல் தகாது.

நாம் 'வேண்டாம்' என்று சொல்லவில்லை. முடிவை அவனிடமே விட்டோம். அந்த ஞாயிறு சித்தப்பா கைத்தொலைபேசியில் முகங்காட்டிப் பேசினார். வேலையிலிருந்து அப்போதுதான் திரும்பியிருந்தார், குளிர்ச்சட்டையைக் கழற்றவில்லை. பேச்சினிடையே வலக்கைத் தோளை அடிக்கடி பிடித்துக்கொண்டார். தமக்கையார் கேட்டபோது, பெட்டி தூக்கியதில் பிடித்துக்கொண்டது, பெரிதாக ஒன்றுமில்லை என்றார். பின்னர் வழக்கம்போல, "தம்பி, வண்டிக்கு என்ன சாமான் அனுப்ப?" என்று வினவினார்.

மருமகன் சிறிது நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். "ஒன்றும் வேண்டாம் சித்தப்பா. பழைய பிளாஸ்ரிக் கை ரெண்டு மட்டும் போதும். அதுவும் அவசரமில்லை. நீங்கள் தோளைக் காட்டுங்கோ" என்றான்.

அவன் எதனைக் கண்டான் என்பதை நாம் கேட்கவில்லை. ஆயின் எமக்கு ஒன்று தோன்றிற்று. கோயில் வீதிக் கல்லில் மோதிய அடி, கையைக் கடந்து பெட்டிக்குச் சென்றது. பெட்டியைக் கடந்து பற்சில்லுக்குச் சென்றது. அங்கேயும் நில்லாது, கடல் கடந்து, பனி மூடிய ஊரிலே இரவு வேலை செய்யும் ஒரு மனிதரின் தோள்வரை சென்றிருந்தது. நாம் இங்கே ஒன்றை இறுக்கும்போதெல்லாம் அங்கே ஒன்று இழுபடுகின்றது. எமது குடும்பங்களுள் வெளிநாட்டு உறவினர் இல்லாதது சில. ஆகவே இது எம் வீட்டுக் கதை மட்டுமன்று.

ஆசிரியத் தொழிலிலும் இதனை நாம் காண்கின்றோம். கணிதத்தில் மெலிந்த பிள்ளையை மாலையிலும் இரவிலும் வகுப்புக்கு அனுப்பி அப்பாடத்தை உருக்காக்குவர். புள்ளி ஏறும். பிள்ளையின் உறக்கம் முறியும். அல்லது தாயோடு பேசும் பேச்சு முறியும். எதுவும் முறியாத பிள்ளையை ஆக்க எவராலும் இயலாது. ஓய்வு, விளையாட்டு, ஒரு தவணையில் சில புள்ளிகள் என்பன எளிதில் மாற்றத்தக்க பாகங்கள். அவை வளைந்துகொடுக்க இடமிருந்தால் உள்ளே உள்ள பெட்டி பிழைக்கும்.

வண்டி இன்றும் ஓடுகின்றது. அலுமினியக் கைகளைக் கழற்றி விற்று, அப்பணத்திற் பெயாரிங்குகள் வாங்கினான். கிளச்சின் மரையைத் தளர்த்தி, புறப்படும்போது சிறிது வழுக்கும் ஓசை கேட்குமாறு வைத்திருக்கின்றான். வானிற் பாயும்போது விரலை எடுத்துவிடுகின்றான். ஒரு கொப்பியில், முறிந்த பாகம், திகதி, மோதிய இடம், அடி வந்த திசை என்று நான்கு நிரல்கள் வரைந்து எழுதிவருகின்றான். சென்ற நான்கு மாதங்களில் அதில் மூன்று வரிகளே ஏறியுள்ளன, மூன்றும் கைகள். ஒவ்வொன்றையும் மாற்றுவதற்கு அவனுக்குப் பத்து நிமிடம் செல்கின்றது.

மேசையோரத்திலுள்ள பிஸ்கற்றுப் பெட்டியில், அடுத்த முறிவுக்கென இரண்டு கைகள் காத்திருக்கின்றன. இரண்டும் பிளாஸ்ரிக், இரண்டும் பானையில் அவிந்தவை.